மே மாதக் கணக்கு: காணிப்பாக்கம்

மே 7

காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலைச் சுற்றி விடுதி, உணவகம், பூஜைச் சாமான் கடை என்று எல்லாவற்றுக்கும் கணக்கெழுத ஆள் வேண்டும். சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கும் தோத்தாபுரி மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் கூடுதல் ஆள் தேவை. ஏப்ரலில் பிடித்த டிடிஎஸ் (மூலத்தில் பிடிக்கும் வரி) தொகையைக் கட்ட இன்று கடைசி நாள். பி.காம் முடித்த பிள்ளைகளைக் குறிவைக்கும் இணையவழிச் சான்றிதழ் விளம்பரங்களோ இந்த வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. ‘அரசு அங்கீகாரம்’ என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடுகின்றன. இந்தியாவில் கணக்கெழுதச் சட்டப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. சட்டப்படியான தணிக்கைக்குத்தான் பட்டயக் கணக்காளர் வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வேலையே கிடைக்காது என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

மே 11

மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கடைசி நாள். தோட்டத்து மாங்காய்க்கு வரி இல்லை. அதையே கூழாக்கி டின்னில் அடைத்தால் வரி உண்டு. இந்த வேறுபாட்டை விற்பனைப் பட்டியலில் சரியாகக் காட்டத் தெரிந்தவரைத்தான் முதலாளி தேடுகிறார். அந்த விளம்பரங்கள் விற்கும் சில மணி நேரக் காணொளியும், தேறும்வரை எத்தனை முறையும் எழுதலாம் என்ற தேர்வும் இதைக் கற்றுத் தராது. யாருமே தோற்காத தேர்வு எதையும் சோதிப்பதில்லை.

மே 14

உள்ளீட்டு வரியைச் சரிபார்க்க உதவும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை உருவாகும் நாள். சான்றிதழையும் இப்படித்தான் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஐஎஸ்ஓ 9001 முத்திரை நிறுவனத்தின் நிர்வாக முறையைப் பற்றியது, பாடத்தைப் பற்றியதல்ல. உத்யம் பதிவு சிறுதொழில் என்பதற்கான அடையாளம் மட்டுமே. கம்பெனிப் பதிவு எண்ணும் கல்வி அங்கீகாரம் ஆகாது. பட்டம் வழங்கும் உரிமை 1956ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி பல்கலைக்கழகங்களுக்கும் நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்குமே உரியது. யுஜிசி வெளியிட்ட போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் ஆந்திரத்தின் குண்டூர், விசாகப்பட்டினம் முகவரிகளும் இடம்பெற்றுள்ளன. திறன் படிப்பைத் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுவான என்சிவிஇடி அங்கீகரித்திருந்தால் தேசியத் தகுதிப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். மற்றவருக்காக ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் பிராக்டிஷனராகப் பதிவில் நீடிக்க, மறைமுக வரிகளுக்கான அரசு அகாடமியான நாசின் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். தனியார் படிப்பு எதுவும் அதற்கு ஈடாகாது.

நம்பிக்கையான வழிகள் உள்ளன. செலவுக் கணக்காளர் நிறுவனம் கணக்கியல் தொழில்நுட்பருக்காக நடத்தும் ‘கேட்’ படிப்பு ஒன்று. அரசின் ஸ்வயம் இணையத் தளத்தில் கணக்கியல் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும்.

மே 20

மாத வரியைக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தின் கடைசி நாள். தாமதமாகக் கட்டும் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பிள்ளைகளின் கடனும் இதே போல ஏறுகிறது: ‘மாதத் தவணை’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கும் தாள் பல நேரம் கடன் ஒப்பந்தம். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதலைப் பற்றி மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே எச்சரித்தது.

காணிப்பாக்கத்தில் கொடுக்கல் வாங்கல் தகராறுகளைப் பிள்ளையார் முன் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இரு தரப்பும் நேரில் வந்து நிற்பதுதான் அதன் பலம். முகவரியே தராத நிறுவனத்தை எந்தச் சன்னதியிலும் நிறுத்த முடியாது. ஆகவே பணம் கட்டும் முன்பே முகவரி, பணம் திருப்பித் தரும் விதி, வேலை உறுதி ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மே 31

நான்காம் காலாண்டு டிடிஎஸ் படிவத்துக்குக் கடைசி நாள். ஏமாந்தவருக்கும் காலம் முக்கியம். இணைய மோசடியில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். சேவைக் குறை, பொய் விளம்பரம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்கக் கூடாது.