தக்காளிக் காட்டுல ஒரு தாவல்

போன வாரம் பொங்கலூர் போயிருந்தேன் மக்களே. மாமா தக்காளிக் காட்டுல மருந்து கலக்கிட்டு இருந்தார். இலையெல்லாம் கரும்புள்ளி. பொட்டலத்தைப் பார்த்தா ஸ்ட்ரெப்டோமைசின்! டிபி வந்தப்ப எங்க அப்பிச்சிக்கு மாசக்கணக்குல ஊசி போட்ட அதே மருந்து.

"ஏனுங் மாமா, இது கேக்குதுங்களா?"

"முன்ன மாதிரி இல்ல கண்ணு. டோஸைக் கூட்டோணும்."

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

1993ல, அமெரிக்காவுல ஆப்பிள் மரத்தைக் கருக்கற எர்வினியா பாக்டீரியாவுல டிஎன்5393னு ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. இடம் விட்டு இடம் தாவற டிஎன்ஏ துண்டு அது. ஸ்ட்ரெப்டோமைசினை முடக்கற ரெண்டு ஜீனை மடியில கட்டிட்டே தாவும். பிளாஸ்மிட்ங்கற டிஎன்ஏ வளையத்துல ஏறிக்கிட்டா பக்கத்து பாக்டீரியாவுக்கே போயிடும். தக்காளி, மிளகாயில இலைப்புள்ளி உண்டாக்கற சாந்தோமோனாஸ்லயும் இதைப் பார்த்திருக்காங்க. மனுசனுக்கு நோய் தர்ற சில பாக்டீரியாக்கள்லயும் அதே ரெண்டு ஜீன் உண்டு. (டிபி கிருமி மட்டும் வேற வழி. தன் ஜீனையே மாத்திக்கிட்டுத் தப்பிக்கும்.)

மருந்து அந்த ஜீனை உண்டாக்கறதில்லீங்க. அது இல்லாத கிருமி சாகுது, இருக்கறது பெருகுது. டோஸைக் கூட்டினா இன்னும் நல்லா சலிச்சுக் குடுக்கறோம், அவ்ளோதான்.

மாமா காட்டுக் கிருமியில இது இருக்கான்னு சோதிச்சாத்தான் தெரியும். ஆனாலும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னவர், பொட்டலத்தை மடிச்சு வெச்சார்.

"சரி, நோய் புடிச்ச செடியைப் புடுங்கலாம். அடுத்த வெள்ளாமைக்குச் சோளம் போட்டுக்கலாம் வுடு."

உங்க ஊர்த் தோட்டத்துல என்ன அடிக்கறாங்க? ஒருதரம் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்களேன்.