டோக்கனும் நானும்

மதுரை. மீனாட்சியம்மன் கோயில்.
உள்ள செல்போனுக்கு அனுமதி இல்ல. வெளியவே கொடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கிட்டேன்.

பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காந்தேன். எதிர்ல தெற்குக் கோபுரம்.
கை தானா சட்டைப் பைக்குப் போச்சு.
டோக்கன்தான் இருந்துச்சு.

முக்குறுணிப் பிள்ளையார் முன்னாடி மறுபடியும்.
டோக்கன்.

ஆயிரங்கால் மண்டபத்துல மொத்தம் 985 தூண்தான்.
எண்ணிப் பாத்துருவோம்னு ஆரம்பிச்சு நாப்பதுல குழம்பிட்டேன்.

நடை சாத்துற நேரத்துக்கு வெளிய வந்து, போனை வாங்கி, கோபுரத்தைப் பதினேழு படம் எடுத்தேன்.
பதினாறுல கரண்ட் கம்பி.
ஒண்ணுல என் விரல்.

அப்புறம் புதுமண்டபம்.
சின்ன வயசுல, திருமலை நாயக்கர் கட்டின அந்தத் தூண்களுக்கு நடுவுல தையல் மிஷின் கடகடன்னு ஓடும். பக்கத்துலயே வளையல், பித்தளைப் பாத்திரம், பழைய புத்தகம்.
ஸ்கூல் நாடகத்துக்கு எனக்குக் கட்டபொம்மன் டிரெஸ் தச்சது அங்கதான்.

இப்ப கடையெல்லாம் பக்கத்துல குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு.
தேடிப் போனேன். ஒரு தையல்கார அண்ணன்கிட்ட சட்டைக்கு அளவு கொடுத்தேன்.

"தம்பி, நிமிந்து நில்லுங்க. போனைப் பாத்துக்கிட்டே நின்னா கழுத்து அளவு தப்பாப் போகும்."

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிச்சப்பதான் உறைச்சுச்சு.
கட்டபொம்மன் டிரெஸ்ல நான் நின்ன போட்டோ ஒண்ணுகூட வீட்ல இல்ல.
ஆனா அந்தச் சரிகை கழுத்துல குத்துனது இன்னும் ஞாபகம் இருக்கு.

புதுமண்டபத்துல துணி தச்சவங்க வேற யாராச்சும் இங்க இருக்கீங்களா? என்ன வேஷம்?