ஒரு பொய், ஒன்பது பண்டம்!

தாய்லாந்து போய் வந்தேன் என்றால் நம் ஆட்கள் ஒரு மாதிரியாகச் சிரிக்கிறார்கள். நான் போனது அந்தத் தாய்லாந்து இல்லை ஸார்! பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில், நாலு பக்கமும் அகழியோடு சதுரமாக உட்கார்ந்திருக்கும் சியாங் மாய். மங்ராய் என்ற ராஜா 1296-ல் கட்டிய ஊர். 'சியாங் மாய்' என்றால் புது நகரம். எழுநூறு வருஷமாகியும் பெயரை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

கூடவே மனைவியும் வந்தாள். தப்பு... மனைவியோடு நான் போனேன். கல்யாணமாகிப் பத்தாவது வருஷம், சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தவள் அவள். பி.காம். படித்தது மட்டும்தான் நான்.

ஒரு சின்ன சிக்கல். நான் ஓடுவது, பறப்பது, நீந்துவது எதையும் விட்டு வைப்பதில்லை. அவள் சுத்த சைவம். முட்டை போட்ட கேக் கூடக் கிடையாது. பெட்டியில் புளிக்காய்ச்சல், அவல், தக்காளித் தொக்கு என்று ஒரு மளிகைக் கடையே ஏறியது.

"இதெல்லாம் எதுக்கு? நான் இருக்கேன்ல, பார்த்துக்கறேன்" என்றேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

முதல் நாள் ராத்திரி, தா பே வாசல் பக்கம் ஒரு கடை. கீரையைக் கை ஜாடையில் காட்டி, "ஒன்லி வெஜிடபிள்" என்றேன். கடைக்காரர் தலையாட்டினார். கொழுந்துவிட்டு எரியும் அடுப்பில் வள்ளைக்கீரையை ஒரு புரட்டுப் புரட்டிக் கொண்டுவந்து வைத்தார். முதல் வாயிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நாம் ப்ளா! மீனையும் உப்பையும் ஊறப்போட்டு வடிக்கிற மீன் சாறு. அந்த ஊர்க்காரர்களுக்கு அது அசைவமே இல்லை. நமக்குப் பெருங்காயம் மாதிரி, எதிலும் நாலு சொட்டு.

அவள் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நிமிர்ந்து, "ஏங்க, என்னமோ ஒரு வாசனை வரலை?" என்றாள்.

பசியோடு இருக்கிறாளே என்று இரக்கமா, வேறு கடை தேட வேண்டுமே என்று சோம்பலா... இரண்டாவதுதான். "இந்த ஊர் உப்பு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை வரோரோட் மார்க்கெட். உள்ளூர்க்காரர்கள் 'காட் லுவாங்' என்கிறார்கள். பெரிய சந்தை என்று அர்த்தம். ஒரு கடையில் வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் மீன் படம். கடைக்காரம்மா ஒன்றைத் திறந்து வேறு யாருக்கோ காட்ட, அதே வாசனை! அவள் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முழுக்க அறையில் அவலும் புளிக்காய்ச்சலும்தான். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றாள் அமைதியாக. போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிரமாதமாக இருந்தது.

முதலில் 'காவ் ஸோய்'. சியாங் மாய் போய் இதைச் சாப்பிடாமல் வருவது, மதுரை போய் ஜிகர்தண்டா குடிக்காமல் வருவதற்குச் சமம். தேங்காய்ப் பாலில் மசாலாக் குழம்பு. உள்ளே முட்டை நூடுல்ஸ், கோழிக்கால். மேலே அதே நூடுல்ஸை மொறுமொறுவென்று பொரித்து ஒரு கொத்து. ஓரமாக ஊறவைத்த கடுகுக்கீரை, சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு. பிழிந்து கலந்து வாயில் வைத்தால் ஒரு பக்கம் கொழகொழ, ஒரு பக்கம் கறுக்மொறுக்! நைட் பஜார் பக்கம் பான் ஹாவ் பள்ளிவாசல் சந்தில் சாப்பிட்டேன். சீனாவின் யூனான் மாகாணத்திலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி வந்த முஸ்லிம் வியாபாரிகளின் வாரிசுகள் வாழும் இடம். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே ஒரு சந்தையும் கூடும். இன்னொரு விஷயம். இதற்குப் பர்மாவில் ஒரு பங்காளி உண்டு, தேங்காய்ப் பால் நூடுல்ஸ். சென்னை பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் 'அத்தோ' விற்கிறார்களே, அதே பர்மா சமையலறைதான். ஏதோ தூரத்துச் சொந்தத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

அடுத்தது 'கேங் ஹாங்லே'. இதுவும் பர்மா வழி. 1558 முதல் 1770-கள் வரை பெரும்பாலும் இந்த ஊர் பர்மாக்காரர்கள் கையில் இருந்தது. ராஜாக்கள் போய்விட்டார்கள், குழம்பு தங்கிவிட்டது! கொழுப்போடு பன்றிக்கறி, இழை இழையாக இஞ்சி, புளி, பூண்டு ஊறுகாய், மசாலாப் பொடி. தேங்காய்ப் பால் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் செட்டிநாட்டுப் பக்கம் யாரோ வைத்த குழம்பு என்று சத்தியம் செய்வீர்கள்.

'நாம் நியாவ்' என்று ஒரு தக்காளிக் குழம்பு, இடியாப்பம் போன்ற அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவார்கள். அதில் காய்ந்த முள்ளிலவம் பூவின் மகரந்தத் தாள்கள் மிதக்கும். இலவு காத்த கிளி ஏமாந்தது. இவர்கள் பூவிலேயே கதையை முடித்துவிடுகிறார்கள். கறுப்பாகச் சதுரம் சதுரமாக மிதப்பது உறைந்த ரத்தம். நான் ஓரமாக ஒதுக்கி வைத்தேன். எனக்கும் ஓர் எல்லை உண்டு.

'ஸாய் உவா' பன்றிக்கறி ஸாஸேஜ். எலுமிச்சைப் புல், பேரரத்தை, மிளகாய் எல்லாம் இடித்து அடைத்து, ஜாங்கிரி மாதிரி சுற்றிச் சுற்றிக் கரியில் சுடுகிறார்கள். வாசனையே இழுத்துக்கொண்டு போகும். தக்காளியும் கொத்துக்கறியும் சேர்ந்த தொக்கு 'நாம் ப்ரிக் ஓங்'. பொரித்த மூங்கில் புழுவுக்கு 'ரோட் துவன்' என்று பெயர். அர்த்தம், எக்ஸ்பிரஸ் ரயில்! நான் ஏறவில்லை.

இதற்கெல்லாம் துணை 'காவ் நியாவ்', ஆவியில் வெந்த ஒட்டரிசிச் சோறு. சின்ன மூங்கில் கூடையில் வரும். பாங்காக்கில் ஸ்பூனும் ஃபோர்க்குமாக நம்மைப் படுத்துகிறார்கள். இங்கே சோற்றைக் கையால் பிய்த்து, உருட்டி, தொட்டுச் சாப்பிடலாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்தது, அறைக்குத் திரும்பும்வரை. அங்கே அவள் அவல் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கீழே விடுதிக்காரப் பாட்டி, "கின் காவ் ரூ யாங்?" என்றார். 'சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தம். நம் ஊர் போலவே அவர்களுக்கும் இதுதான் குசலம் விசாரிப்பு. நான் மாடியைக் காட்டி, மீன் மாதிரி நீந்திக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டேன். பாட்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஜே!"

நம் ஊரில் கோஷம் போடுகிற அதே ஜே. ஆனால் அங்கே அதற்குச் சுத்த சைவம் என்று பொருள். கறி, மீன், முட்டை, பால், மீன் சாறு எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்க மாட்டார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கினால் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். 'ஒன்லி வெஜிடபிள்' என்று கேட்பது அங்கே கணக்கில் வராது. ஜே கடை கிடைக்காவிட்டால் "மாய் ஸை நாம் ப்ளா" என்று சொல்லுங்கள். மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் மஞ்சள் கொடி தேடி அவளை அழைத்துப் போனேன். முட்டையில்லாத நூடுல்ஸில் ஜே காவ் ஸோய் வந்தது. பச்சை மிளகாயைச் சுட்டு இடித்த 'நாம் ப்ரிக் நும்' வந்தது. கடைசியாக 'டம் கனுன்'. பிஞ்சுப் பலாவை வேகவைத்து, இடித்து, மிளகாயோடு தாளித்தது.

அவள் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தாள். "ஏங்க, இது எங்க பாட்டி செய்யற இடிச்சக்கை!" நாகர்கோவில்காரி அவள். பலாவுக்கு அங்கே 'கனுன்' என்று பெயர். 'நுன்' என்றால் தாங்கிப் பிடிப்பது. அதனால் ஏப்ரல் மாதப் புத்தாண்டு சமயத்தில், வருஷமெல்லாம் ஆதரவு கிடைக்கட்டும் என்று 'கேங் கனுன்' என்ற பலாக் குழம்பு வைப்பார்களாம். நம் சித்திரை விஷுவும் அதே நாட்களில்தான். (ஆனால் ஏப்ரலில் போகாதீர்கள். பிப்ரவரியிலிருந்தே காட்டிலும் வயலிலும் தீ வைக்கிற புகை ஊரை மூடிவிடும். நவம்பர், டிசம்பர், ஜனவரி உத்தமம்.)

"வெங்காயம் பூண்டுகூட இல்லாம, அமாவாசைச் சமையல் மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். இரண்டு நாள் கழித்து முதல் சிரிப்பு. இதுதான் சமயம் என்று சொல்லிவிட்டேன். "அன்னிக்கு ராத்திரி... அது உப்பு இல்லை. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்" என்றாள். "மீன் சாறு தெரியாம உள்ள போனதுக்குக் குளிச்சா போச்சு. பத்து வருஷமா இந்த மாதிரி எத்தனை உப்பு போட்டீங்களோன்னுதான் யோசிச்சிட்டு இருந்தேன்."

நான் என்ன பதில் சொல்வது? சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தேன். கடைக்காரம்மா வந்து நன்றாக இருக்கிறதா என்று ஜாடையில் கேட்டார். ருசிக்கு வடக்கே ஒரு தனி வார்த்தை உண்டு. பாட்டியிடம் கற்றுக்கொண்டு வந்திருந்தாள் போலிருக்கிறது. "லம் தே தே!" என்றாள் மனைவி. ரொம்ப ருசி, நிஜமாகவே ருசி.

போன வாரம் வீட்டில் காஸ் அடுப்பில் பஜ்ஜி மிளகாயைச் சுட்டு, பூண்டு வைத்து இடித்து நாம் ப்ரிக் நும் செய்தாள். தொட்டு நக்கிவிட்டு, "பிரமாதம். ஆனா ஏதோ ஒரு வாசனை..." என்றேன்.

"ஒண்ணுமில்லை. இந்த ஊர் உப்பு அப்படித்தான்" என்றாள்.