வெளியேறிவிட்டோமா, உண்மையிலேயே?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் விளக்கம் வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே களத்தில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். கிராணி புத்தகத்தில் குறித்துக்கொண்டால்தான் அன்றைக்குச் சம்பளம். கோலா பிலா பக்கத்துத் தோட்டங்களில் என் பெற்றோர் பால் வெட்டிய காலம் முழுக்க அப்படித்தான் போனது. சிரம்பானில் இணையச் செயலிகள் எழுதும் எனக்கும் ஒரு வகையில் அதே கிராணி வேலைதான். யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று கணக்கு வைப்பது.

உள்ளே விடுவது எளிது. வெளியே அனுப்புவதில்தான் சிக்கல்.

இணையத்தின் அடிப்படை விதிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு முறை நாம் கேட்கும்போதும் சர்வருக்கு நாம் புது ஆள்தான். அந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி 'குக்கி'யைக் கொண்டுவந்தார். நுழையும்போது சர்வர் ஓர் அடையாளச் சீட்டு தரும். பிறகு உலாவி அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். பழைய தளங்களில் சர்வரிடமும் ஒரு புத்தகம் இருந்தது. வெளியேறியதும் அதில் பெயரை அடித்துவிடும்.

இன்று நாம் புழங்கும் தளங்களில் பல ஒற்றைப் பக்கச் செயலிகள். முழுச் செயலியும் ஒரே தடவை உலாவிக்குள் வந்து இறங்கிவிடும். பிறகு பக்கம் மாறுவதுபோல் தெரிவதெல்லாம், ஒரே மேடையில் திரையை மாற்றுவதுதான். இவற்றில் பல, சர்வர் கையெழுத்திட்ட டோக்கனை நம்பி நடக்கின்றன. புத்தகம் வேண்டாம், கையெழுத்து சரியா, தேதி முடிந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சிக்கல் இங்கேதான். அக்கறையில்லாமல் எழுதிய செயலியில் 'வெளியேறு' பொத்தானை அழுத்தினால், உலாவியிலுள்ள சீட்டு மட்டும் கிழிபடும், திரை மாறும். சர்வருக்கு அந்தச் செய்தியே போகாது. யாராவது சீட்டுக்கு நகல் எடுத்திருந்தால், அதிலுள்ள தேதி முடியும்வரை அது செல்லும்.

பொத்தானை அழுத்தாமலே போனால்? கோலா பிலா பட்டணத்தில் நகல் எடுக்கும் கடை ஒன்றில் இதை நேரில் பார்த்தேன். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா, கடைக் கணினியில் தம் சேமிப்புக் கணக்கைப் பார்த்துவிட்டு, சன்னலை மூடிவிட்டு எழுந்தார். அடுத்து உட்கார்ந்த மாணவி அதே தளத்தைத் திறந்ததும் மாமாவின் பெயரும் இருப்புத் தொகையும் வந்து நின்றன. நல்ல பிள்ளை, உடனே அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கதவைச் சாத்திட்டுத்தானே தம்பி எழுந்தேன்?" என்று என்னிடம் கேட்டார்.

சாத்தினார்தான். ஆனால் அந்தச் செயலி சீட்டை உலாவியின் நிரந்தரச் சேமிப்பில் வைத்திருந்தது. சன்னலை மூடினாலும், ஏன், கணினியையே அணைத்தாலும் அது அங்கேயே கிடக்கும். தவறு மாமாவுடையதல்ல. ஆளுக்கொரு கணினி இருக்கும் என்று எண்ணி எழுதியவர்களுடையது.

அதற்காக இரண்டு நிமிடத்தில் வெளியே தள்ளிவிடுவதும் தீர்வாகாது. அடையாள அட்டை எண்ணை ஒற்றை விரலால் தட்டுகிற பெரியவரை மூன்று முறை வெளியேற்றினால், நான்காவது முறை கடவுச்சொல்லைக் கடைக்காரரிடமே சொல்லிவிடுவார். பாதுகாப்பு என்ற பெயரில் அவரை இன்னும் பெரிய ஆபத்தில் தள்ளியிருப்போம்.

செய்ய வேண்டியது வேறு. சீட்டின் ஆயுள் குறைவாக இருக்கட்டும். ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்வரை ஓசையின்றிப் புதுப்பிக்கலாம். பக்கத்திலுள்ள நிரல் படிக்க முடியாத குக்கியில் அதை வைக்கலாம். வெளியேறும்போது சர்வரிலும் செல்லாததாக்க வேண்டும். ஒரு சன்னலில் வெளியேறினால் மற்றச் சன்னல்களும் வெளியேற வேண்டும். நினைவில் இருக்கும் பெயரும் தொகையும் துடைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் பின்செல்லும் பொத்தான் பழைய திரையைத் திருப்பிக் காட்டிவிடலாம். இதில் எதுவும் பெரிய வித்தையில்லை. ஆனால் நுழைவுப் பக்கத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கும் நாம், வெளியேறுவதற்கு ஒரு மதியம்கூட ஒதுக்குவதில்லை.

வாசகர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. சன்னலை மூடுவது வெளியேறுவது ஆகாது. பொத்தானைத் தேடி அழுத்துங்கள். பிறகு பக்கத்தை ஒரு முறை புதுப்பியுங்கள். பெயர் இன்னும் தெரிந்தால் நீங்கள் வெளியேறவில்லை. அடுத்தவர் கணினி என்றால் மறைநிலைச் சன்னலில் திறந்து, முடிந்ததும் அந்தச் சன்னல்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். மோசடிக்காரரிடம் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே வங்கிக்கோ 997 எண்ணுக்கோ அழையுங்கள்.

நம் வீடுகளில் அம்மா அப்பாவின் கணக்குகளைத் திறந்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தெந்தக் கருவிகளில் அவர்களுடைய கணக்கு இன்னும் திறந்திருக்கிறது என்று அமைப்புகளில் பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். முப்பது வருடம் பால் வெட்டிச் சேர்த்த காசுக்குப் பத்து நிமிடம் செலவழிக்கலாம்.