"அந்த அறைக்குப் போங்கள்!"

பப் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! நம் ஊர்க் கள்ளுக்கடையை மனத்தில் வைத்துக்கொண்டு நானும் தயங்கியவள்தான்.

பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெத்விக்கில் சித்தி மகள் வீட்டில் தங்கியிருந்தேன். "அக்கா, இன்று ராத்திரி சமையல் இல்லை. பப்பில்தான் சாப்பாடு" என்றாள்.

"ஐயையோ! உன் மாமியார்?"

"அவர்தான் முதலில் புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறார்!"

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமே பப். பெயர்தான் பொது. அந்தக் காலத்தில் ஒரே கூரையின் கீழ் வெறுந்தரையுடன் தொழிலாளிகளுக்கு ஓர் அறை. கம்பளமும் மெத்தை நாற்காலியுமாகக் கனவான்களுக்கு வேறோர் அறை. அங்கே விலையும் சற்றுக் கூடுதல். பெண்கள் பாடு இன்னும் சங்கடம். லண்டன் பிளீட் தெருவிலுள்ள 'எல் வினோ' என்ற மதுக்கடையில் ஆண்களைப் போலக் கவுண்டரில் நின்று வாங்கப் பெண்களுக்கு அனுமதி இல்லை; பின்னறையில் போய் உட்கார வேண்டும். ஒரு பத்திரிகைக்காரியும் ஒரு பெண் வக்கீலும் வழக்காடி, 1982-ல்தான் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள்.

ஸ்மெத்விக்கில் தடை நிறத்துக்கு. இரும்பு வார்ப்படச் சாலைகளில் உழைத்த பஞ்சாபியரைப் பல பப்களில் நல்ல அறைக்குள் விடமாட்டார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்க நீக்ரோ மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ் இங்கே வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் அவரை 'புளூ கேட்ஸ்' என்ற பப்புக்கு அழைத்துப் போனார்கள். அவருக்கும் அதே பதில்தான்: "இங்கே தரமாட்டோம், அந்த அறைக்குப் போங்கள்!" ஒன்பதே நாளில் அவர் நியூயார்க்கில் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆண்டு இறுதியில் இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது.

பிறகு காலம் வேறொரு வேடிக்கை செய்தது. ஆலைகள் மூடின; பழைய வாடிக்கைக்காரர்கள் குறைந்தார்கள்; பப்கள் தள்ளாடின. யாரை உள்ளே விட மறுத்தார்களோ, அந்தப் பஞ்சாபியரே பல பப்களை எடுத்து நடத்த முன்வந்தார்கள். பீர்க் குழாய்க்குப் பின்னால் தந்தூரி அடுப்பு மூண்டது. 2007-ல் இங்கிலாந்தின் பப்களில் புகை பிடிப்பதும் தடையாயிற்று. குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வரத் தொடங்கின.

நாங்கள் போனபோதும் ஒரே கலகலப்பு. வெங்காயத்தின் மேல் 'சுர்'ரென்று புகையும் இறைச்சித் தட்டுகள் பறந்தன. மாமிக்குப் பனீரும் ஆரஞ்சு ரசமும் வந்தன.

மூலையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியே அமர்ந்திருந்தார். நாற்பது வருஷ வாடிக்கையாம்.

"பழைய கடை மாறிவிட்டதே என்று வருத்தமில்லையா?" என்றேன்.

"என்னோடு சீட்டாடியவர்கள் ஒருவரும் இல்லை, அம்மா. அதுதான் வருத்தம். ஆனால் இவர்கள் வராவிட்டால் இந்த நாற்காலியும் இருந்திருக்காது" என்றார்.

புறப்படும்போது மாமி அவரிடம் போய்க் கை கூப்பினார். அவரும் எழுந்து நின்று கை கூப்பினார். அவர் நின்றது பழைய கனவான்கள் அறையில்தான் என்று வெளியே வந்த பிறகு சித்தி மகள் சொன்னாள். நடுச் சுவரைத்தான் எப்போதோ இடித்துவிட்டார்களாம்!