அறுபதாவது வயதில் ஒரு சைக்கிள் சட்டகம்

அறுபது வயது நிறைவெய்தும் நாளில் என்ன பரிசு வேண்டும் என்று என் பிள்ளைகள் வினவியபோது, "நல்லதொரு சைக்கிள் பிரேம் வேண்டும்" என்றேன். மகன் சிரித்தான், மகள் சிரிக்கவில்லை. "அறுபதாங் கலியாணத்துக்கு மண்டபம் பார்க்கிற நேரத்திலே சைக்கிள் பிரேமா, அப்பா?" என்று கேட்டாள். மாலையும் கலச நீரும் எனக்கு வேண்டாதவை அல்ல. ஆயினும் அந்த ஒரு நாள் கழிந்த பின்னரும் என்னோடு இருக்கக்கூடிய பொருளொன்றையே மனம் நாடியது. அன்றியும், சைக்கிளை அடியோடு விட்டுவிடுமாறு வீட்டார் என்னை வற்புறுத்திக்கொண்டிருந்த காலம் அது. என் விடையிலே ஒரு வேண்டுகோளுடன் ஒரு மறுப்பும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

வீட்டாரின் அச்சம் காரணமற்றதன்று. 2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றது. ஜூலை மாதத்தில் கியூஆர் முறை நடைமுறைக்கு வந்த பின்னரும் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த பெற்றோல் வாரத்தின் பாதி நாளுக்குங் காணவில்லை. அப்போதுதான் கொட்டகையின் மூலையிற் சாக்கு மூடிக் கிடந்த தந்தையாரின் பழைய சைக்கிளை வெளியே எடுத்தேன். மூன்று மாதம் அது என்னைப் பாடசாலைக்குக் கொண்டுசென்றது. ஏற்றங்களிலே நான் அதனைக் கொண்டுசென்றேன். ஐப்பசி மழை தொடங்கிய ஒரு பிற்பகல், யட்டவத்தவை நோக்கிய இறக்கமொன்றிலே தடையைப் பிடித்தேன், வண்டி நிற்கவில்லை. குரோமியம் பூசிய உருக்கு வளையம் நனைந்துவிட்டால் தடைக்கட்டைகள் அதனைத் தழுவுமேயன்றிப் பற்றா. மிளகுக் கொடி படர்ந்த வேலியொன்று என்னைத் தாங்கிக்கொண்டது. முழங்கையிலே எலும்பு வெடித்து, ஆறு வாரம் கட்டுடன் இருந்தேன்.

அந்தச் சைக்கிளின் வரலாற்றையும் இங்குக் கூறுதல் பொருத்தமாகும். தந்தையார் தோட்டமொன்றிலே கணக்கப்பிள்ளையாக இருந்தவர். றப்பரும் கொக்கோவும் மிளகும் கலந்து விளையும் இப்பகுதியிலே மலைகள் நுவரெலியாவைப் போல் உயர்ந்தவை அல்ல. ஆனால், வீதிகள் ஏறுவதையும் இறங்குவதையும் ஓயாமற் செய்பவை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. அவ்வாறு இந்தியாவுக்கு உரியவராக எண்ணப்பட்ட அயலவர் ஒருவர் 1972ஆம் ஆண்டிலே தலைமன்னாருக்குப் புறப்படுமுன், தம் சைக்கிளைத் தந்தையாரிடம் விற்றுச் சென்றார். இங்கிலாந்திலே செய்யப்பட்ட, 24 அங்குலச் சட்டகமும் 28 அங்குலச் சக்கரமும் கொண்ட வண்டி அது. அப்போது எனக்கு ஏழு வயது. அதன் மேற்பாரிலே துவாயை மடித்துப் போட்டு, என்னை அமர்த்தித் தந்தையார் மாத்தளைக்கு அழைத்துச் செல்வார். இரு கைகளும் இரு பக்கத்திலும் வேலிபோல் இருக்க, அவருடைய மூச்சு என் உச்சந்தலையிற் படும். பார் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மூச்சுத்தான். ஆகவே, புதிய சட்டகத்திலும் தரைக்குச் சமாந்தரமாகச் செல்லும் உயர்ந்த பார் இருத்தல் வேண்டும் என்று எண்ணினேன். அதனை எவரிடமும் வெளியிடவில்லை.

சக்கரமோ சங்கிலியோ மிதியோ தேய்ந்தால் மாற்றிவிடலாம். சட்டகம் மாறினால் அது வேறு சைக்கிள். கால் எவ்வளவு நீளும், முதுகு எவ்வளவு வளையும், எந்தத் தடையைப் பூட்டலாம், எவ்வளவு தடித்த டயர் நுழையும் என்பனவற்றையெல்லாம் முன்னரே தீர்மானித்துவிடுவது சட்டகமே. 1885ஆம் ஆண்டிலே ஜோன் கெம்ப் ஸ்டாளி தமது றோவர் சைக்கிளைச் செய்த பின் சில ஆண்டுகளுள் நிலைபெற்ற இரு முக்கோண வடிவம் இன்றுவரை பெரிதும் மாறவில்லை. மாறியவை குழாய்களும் கோணங்களுமே.

மலைச் சைக்கிளின் கதையும் பழஞ் சட்டகத்திலிருந்தே தொடங்குகின்றது. 1970களிலே கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பாரமான சைக்கிள்களை மலைக்கு ஏற்றி, மண்பாதையிலே வேகமாக இறக்கினர். 1976ஆம் ஆண்டிலே தொடங்கிய அவர்களது பந்தயத்திற்கு 'ரீபாக்' என்று பெயர். ஒருமுறை இறங்கிவிட்டால் பின்சக்கரத் தடையிலுள்ள கிறீஸ் எரிந்து புகைந்துவிடும். மீண்டும் கிறீஸ் அடைத்தல் வேண்டும் என்பதே அப்பெயரின் பொருள். பழஞ் சட்டகங்கள் வளைந்தும் முறிந்தும் போகவே, 1977ஆம் ஆண்டில் ஜோ பிறீஸ் என்பவர் குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்குக் குழாய்களால் அத்தேவைக்கென்றே ஒரு சட்டகம் செய்தார். 1981ஆம் ஆண்டளவிலே அவ்வகை வண்டி தொழிற்சாலைகளிற் பெருந்தொகையாக உற்பத்தியாகத் தொடங்கிவிட்டது. மரின் இளைஞர்களுக்கு இறக்கம் விளையாட்டு; எனக்கு அது பாடசாலைப் பாதை. பழைய வண்டி அவர்களுக்குக் கற்பித்ததையே எனக்கும் கற்பித்தது.

கொழும்பிலே பொறியியலாளனாக இருக்கும் மகன், காபன் இழையாலான சட்டகமே வேண்டும் என்று வாதாடினான். நான் உருக்கு என்றேன். சில வாரம் தொலைபேசியிலே எங்களுக்கிடையே நிகழ்ந்தது ஏறத்தாழ ஒரு விரிவுரை. உருக்கின் விறைப்பு அலுமினியத்தின் விறைப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு; அதன் அடர்த்தியும் ஏறத்தாழ மூன்று மடங்கு. அங்ஙனமாயின் அலுமினியத்தால் என்ன இலாபம்? குழாயின் விட்டத்திலேதான் இலாபம் இருக்கின்றது. சுவரின் தடிப்பு மாறாதிருக்க, விட்டத்தை இரு மடங்காக்கினால், வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். அலுமினியச் சட்டகங்களின் குழாய்கள் பருத்திருப்பது இதனாலேயே. ஆனால், உருக்குக்கு ஒரு நற்குணம் உண்டு: குறித்த ஓர் எல்லைக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளை எத்தனை இலட்சம் முறை வாங்கினாலும் அது களைப்படைவதில்லை. அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. சிறிய அதிர்வும் அதன் கணக்கிலே சேர்ந்துகொண்டே போகும். காபன் இழையோ மிக இலேசானது, மிக வலியது. எனினும், கல்லிலே மோதினால் உள்ளே நேர்ந்த சேதம் வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

இவ்வழக்கைத் தீர்த்துவைத்தவர் யட்டவத்தவிலே சைக்கிள் திருத்தும் சிங்கள நண்பர். மகன் அனுப்பிய படங்களை அவரிடம் காட்டினேன். காபன் சட்டகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சேர், இது நல்ல சாமான். ஆனால் உடைந்தால் என்னிடம் கொண்டுவர வேண்டாம்" என்றார். உருக்குச் சட்டகத்தைப் பார்த்து, "இதைக் கொண்டுவாருங்கள்" என்றார். எனினும் உடனே ஓர் எச்சரிக்கையும் செய்தார். நல்ல உருக்குக் குழாய் முனைகளிலே தடித்தும் நடுவிலே மெலிந்தும் இருக்கும். பேர்மிங்ஹாம் நகரின் அல்பிரெட் றெனோல்ட்ஸ் 1897ஆம் ஆண்டிலே உரிமம் பெற்ற முறை அது. நடுப்பகுதியின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதிலே வழமையான மின் வெல்டிங்கை வைத்தால் ஓட்டை விழும். காஸினாற் சூடாக்கிப் பித்தளையால் ஒட்டுதல் வேண்டும். அதற்குரிய ஆள் மாத்தளையில் இருக்கின்றார் என்றும் கூறினார். உருக்கென்றால் எவரும் எங்கும் ஒட்டிவிடலாம் என்ற என் பெருமிதம் அவ்விடத்திலே சற்றுக் குறைந்தது. ஆனாலும் என் முடிவு உறுதியாயிற்று. என் வயதிலே வாங்கும் பொருளொன்று, பஸ் ஓடும் தூரத்துக்குள் திருத்தப்படக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

எஞ்சியது அளவு. அதிலேதான் தோற்றேன். தாதியாகப் பணிபுரியும் மகள் விடுமுறைக்கு வந்தபோது, என்னைச் சுவரோடு நிறுத்தினாள். பல்கலைக்கழகக் காலத்திலே நான் வாங்கிய தடித்த அகராதியைக் கால்களுக்கிடையே உயர்த்திப் பிடிக்கச் செய்து, அதன் முதுகு தொட்ட இடத்திலே பென்சிலாற் குறித்தாள். தரையிலிருந்து 30 அங்குலம். பின்னர் நான் விரும்பிய சட்டகத்தின் பார் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். 31 அங்குலம் என்றேன். அவள் பதில் கூறாமல், இரு கதிரைகளுக்கிடையே 31 அங்குல உயரத்திலே கயிறொன்றைக் கட்டி, "தாண்டுங்கள், அப்பா" என்றாள். முதன்முறை குதிக்கால் கயிற்றிலே சிக்கியது. செருப்பைக் குறை கூறிக் கழற்றிவிட்டு மீண்டும் முயன்றேன். கதிரை சாய்ந்தது. மூன்றாம் முறை முயலுமுன் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முழங்கை வெடித்தபோதுகூட எனக்கு அத்தனை வலிக்கவில்லை.

அன்றிரவு, புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களைப் பற்றி முன்னர் வாசித்தது நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே அங்குப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினர். பெண்களுக்குரிய சைக்கிள்கள் போதாமையால், பலர் ஆண்களின் சைக்கிளையே ஓட்டினர். பின்னர் சிலர் அதனையே விரும்பவும் செய்தனர். மேற்பாரிலே குழந்தையை அமர்த்தலாம் என்பது காரணம். அப்பெண்கள் பாரின் உயரத்தை வழிபடவில்லை. அதன் பயனையே கண்டனர். என் தந்தையாருக்கும் அவ்வாறே. அவர் உயரமானவர், அவருக்கு அது பொருந்தியது, என்னை அதில் ஏற்றினார். நானோ, எனக்குப் பொருந்தாத பாரை அவர் நினைவுக்காக மட்டும் வாங்க முற்பட்டேன். விழுந்தால் அந்நினைவும் என்னோடு விழும் என்பதை எண்ணவில்லை.

முடிவிலே தெரிந்தது பின்வருவது: குரோமியம் – மொலிப்டினம் கலந்த 4130 உருக்கு. மேற்குழாய் இருக்கையை நோக்கி நன்கு சரிந்திறங்குவது. கால்களைத் தரையில் ஊன்றி நின்றால் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கும். தலைக்குழாய் நீண்டது, ஆதலால் கைப்பிடி உயர்ந்து, முதுகு அதிகம் வளைய வேண்டுவதில்லை. தலைக்குழாயின் சாய்வு ஏறத்தாழ 69 பாகை. இக்காலத்துப் புதிய மலைச் சைக்கிள்களிலே அது 65 பாகைவரை படுத்திருக்கும். செங்குத்தான இறக்கத்துக்கு அது நன்று, ஆனால் மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் அலையும். நானோ ஏற்றத்திலே மிக மெதுவாகச் செல்பவன். வட்டத்தகட்டுத் தடையைப் பூட்டுவதற்குரிய காதுகள் முன்கவையிலும் சட்டகத்திலும் உண்டு; வளையம் நனைந்தாலும் அத்தடைக்குக் கவலையில்லை. பின்புறத்திலே கரியர் பூட்டுவதற்கு நான்கு துளைகள் உண்டு. இத்துளைகள் இல்லாத, இதனிலும் அழகிய சட்டகமொன்றை அவற்றுக்காகவே ஒதுக்கிவிட்டேன்.

பிறந்த நாளன்று மாலையும் கிடைத்தது. அட்டைப் பெட்டியிலே சட்டகமும் கிடைத்தது. தனியே அதன் நிறை ஏறத்தாழ 2½ கிலோகிராம். ஒரு கையாலே தூக்கிப் பார்த்தேன். மகன் கேலி செய்தான். காபனாயின் ஒரு விரலே போதுமாம். ஒரு வாரத்தில் யட்டவத்தக் கடையிலே வண்டி உருப்பெற்றது. தந்தையாரின் சைக்கிளை நான் விற்கவில்லை. துரு தேய்த்து, எண்ணெய் பூசி, கொட்டகையிலே நிறுத்தியுள்ளேன். இனி அதனை ஓட்டுவதாக இல்லை.

நமக்கு ஒரு பொருளைத் தெரிவு செய்கையிலே, நாம் யாராக இருந்தோம் என்பதையும் யாராக விரும்புகின்றோம் என்பதையும் அளவிட்டுவிட்டு, யாராக இருக்கின்றோம் என்பதை அளவிட மறந்துவிடுகின்றோம். முப்பது ஆண்டுகள் மாணவர்க்கு இலக்கணம் கற்பித்த எனக்கு, அதனைக் கற்பிக்க ஒரு கயிறும் இரு கதிரைகளும் வேண்டியிருந்தன. அளந்து பார்த்தது வயதுக்குப் பணிந்ததாகாது. அளந்தபடியாலேயே இன்னும் ஓட்டுகின்றேன்.

பேரனுக்கு இப்போது ஐந்து வயது. சரிந்த பாரிலே அவனை அமர்த்த இயலாது. கரியரிலே அவனுக்கென ஓர் இருக்கை பூட்டியுள்ளேன். சமதரையிலே மட்டும் ஏற்றிச் செல்கின்றேன். ஏற்றம் வந்தால் இருவரும் இறங்கி நடப்போம். அவன் மூச்சு என் முதுகிலே படுகின்றது.