மேடைக்கு முன்னால் வேப்பமரத்தடி

நிகழ்ச்சி பத்து மணிக்கு என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது. "சான்றிதழ் கொடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, அவ்வளவுதான். பத்தரைக்குப் போனாப் போதும்" என்றார் அத்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். சாரணர் படையில் சேர்ந்து அவன் வாங்கப்போகும் முதல் விருது, பிரதம சோபான். எதைச் செய்து வாங்குகிறான் என்று பார்க்க வேண்டாமா? எட்டரைக்கே எல்லோரையும் கிளப்பிவிட்டேன். பையன் அதற்கு முன்பே போய்விட்டிருந்தான்.

திருநெல்வேலி ஜங்ஷனில் டவுன் பஸ் ஏறினோம். பெண்கள் என்பதால் அக்காவுக்கும் ஆச்சிக்கும் எனக்கும் கட்டணமில்லை, அத்தானுக்கு மட்டும் டிக்கெட். ஆற்றுப்பாலம் தாண்டி, வண்ணார்பேட்டை வழியாகப் பாளையங்கோட்டை. இறங்கியதும் பள்ளிக்கு ஐந்து நிமிட நடை. வழியில் ஒரு கடை வாசலில் சாரணர் ஸ்கார்ஃபுகள் தொங்கின. விலை கேட்டேன். ஸ்கார்ஃப் 80 ரூபாய், அதைக் கழுத்தில் பிடித்து நிறுத்தும் வாகிள் 30 ரூபாய். சாம்பல் நிறச் சட்டைக்கும் கருநீலக் கால்சட்டைக்கும் தையல்கூலியே 650 ஆனதாக அக்கா சொன்னாள்.

மேடையில் நாற்காலிக்கு வெள்ளைத் துணி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பையனையும் காணோம். எல்லோரும் மைதானத்தின் ஓரம், வேப்பமரத்தடியில் இருந்தார்கள். மூன்று பெஞ்சுகள், அவற்றின் மேல் கயிறு, கம்பு, கட்டுத்துணி. விருதுக்கு முந்தைய கடைசிச் சோதனை நடந்துகொண்டிருந்தது.

முதல் பெஞ்சில் முடிச்சுகள். ஒரே கனமுள்ள இரண்டு கயிறுகளை இணைக்க ரீஃப் நாட், கனம் வேறுபட்டால் ஷீட் பெண்ட், கம்பைச் சேர்த்துக் கட்டத் தொடங்குவதற்குக் குளோவ் ஹிட்ச். பையனுக்குப் போலைன் வந்தது. கயிற்றை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தான். சின்னதாக ஒரு வளையம் போட்டான். நுனியைக் கீழிருந்து மேலே விட்டு, நீளக்கயிற்றின் பின்பக்கமாகச் சுற்றி, அதே வளையத்துக்குள் திரும்ப இறக்கினான். சாரண ஆசிரியர் பலமாக இழுத்துப் பார்த்தார். இடுப்பில் கயிறு இறுகவில்லை. கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவதற்கு இந்த முடிச்சுதான் போடவேண்டும், இறுகினால் ஆளை நெரித்துவிடும் என்றார் அவர்.

அடுத்தது முதலுதவி. ஆசிரியர் ஆச்சியைப் பார்த்து, "பாட்டிம்மா, கொஞ்சம் உட்காருங்க. உங்க பேரனுக்கு நீங்கதான் நோயாளி" என்றார். பையன் தன் கழுத்திலிருந்து ஸ்கார்ஃபை உருவி உதறினான். பக்கத்துக்கு முக்கால் மீட்டர் இருக்கும், முக்கோணத் துணி. அலங்காரத்துக்குக் கட்டியது என்று அதுவரை நினைத்திருந்த அத்தான் கிட்டே வந்து நின்றார். துணியின் உச்சி முழங்கைப் பக்கம் வர, ஆச்சியின் கையை மடித்து ஏந்தி, முடிச்சைக் கழுத்தெலும்பின் மேல் படாமல் பக்கவாட்டில் போட்டான். ரீஃப் நாட் தட்டையாகக் கிடப்பதால் உறுத்தாது. "வலிக்குதா ஆச்சி?" என்று அவன் கேட்டதையும் ஆசிரியர் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது பெஞ்சில் நற்செயல் நாட்குறிப்பு. நாளுக்கு ஒரு நல்ல காரியம் செய்து எழுதி வைக்கவேண்டும். மொத்தமாக உட்கார்ந்து எழுதியிருப்பார்களோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. பையனுடையதைப் புரட்டினேன். மையும் கையெழுத்தும் பக்கத்துக்குப் பக்கம் மாறியிருந்தன. "ஆச்சிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன்" என்று ஒரு நாள். ஆச்சியிடம் கேட்டேன். "ஆமா, அவன்தான் விட்டான்" என்றாள்.

பத்தேகாலுக்கு விசில். பிள்ளைகள் ஓடிப்போய்க் குதிரை லாட வடிவில் நின்றார்கள். திறந்த பக்கத்தில் கொடிமரம். பிரார்த்தனைப் பாட்டு முடிந்து, நீலக் கொடி மேலே போய் விரிந்தது. மேடையில் பேடன் பவல் படம். இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் 1907-இல் 20 சிறுவர்களோடு அவர் போட்ட முகாம்தான் சாரணர் இயக்கத்தின் தொடக்கம் என்றார் ஆசிரியர். இந்தியாவுக்கு இயக்கம் 1909-இல் வந்தபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். நம் பிள்ளைகளுக்கென்று சென்னையில் தனியாகச் சாரணர் சங்கம் தொடங்கியவர் அன்னி பெசன்ட். பிரிந்து கிடந்த அமைப்புகள் இணைந்து பாரத சாரணர் இயக்கமானது 1950 நவம்பர் 7. என்னைச் சுற்றி ஆட்டோ ஓட்டுகிறவர்களும் பீடி சுற்றுகிற பெண்களும் பெற்றோராக நின்றிருந்தார்கள். அந்த வரலாற்றின் பலன் அங்கே கண்ணெதிரே நின்றது.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பையன் முன்னே போய் மூன்று விரல் சல்யூட் வைத்தான். உறுதிமொழியின் மூன்று பகுதிகளுக்கு மூன்று விரல். ஆசிரியர் இடது கையை நீட்டினார். சாரணர்கள் இடது கையால்தான் குலுக்குவார்கள். பிறகு அக்காவை அழைத்துப் பேட்ஜைக் கொடுத்தார். இடது கைச்சட்டையின் நடுவில் அக்கா அதைக் குத்தும்போது அவள் விரல் நடுங்கியது, பையன் அசையவில்லை.

எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. மூன்று பையன்களின் பெயர் வரவில்லை. முடிச்சில் தேறாதவர்கள். நிகழ்ச்சி முடிந்தபின் மரத்தடியில் பார்த்தால், விருது வாங்கிய அணித் தலைவன் அவர்களுக்குப் போலைன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கு அடுத்த மாதம் மறுசோதனையாம். அந்த மூன்று பேரை நிறுத்தி வைத்ததால்தான் மற்றவர்கள் வாங்கிய பேட்ஜுக்கு மதிப்பு.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒரு நாள் வரும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். தாத்தா பாட்டியையும் கூட்டிப் போங்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவது பிறகு இருக்கட்டும். கயிற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "எங்கே, போட்டுக் காட்டு" என்று கேளுங்கள்.